அக்காவுக்கு, வெட்டி எடுத்த 11 நிமிடங்கள் பற்றி

அக்கா,

நேற்று அப்பாவின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். ஆடிப் பண்டிகை நேரம், சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் பக்கம் நடக்கவே வழியில்லை. அம்மா போன வருஷம் மாதிரியே விடியற்காலையில் அப்பா படத்துக்கு முன்னால் இலை போட்டு, கட்சிக்காரர்கள் மாலையோடு வருவதற்குள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார். அப்பாவுக்குப் படையல் பிடிக்காது என்பது அம்மாவுக்கும் தெரியும்.

நீங்கள் வரவில்லை. போன வருஷம் வந்தீர்கள். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அப்பாவைப் பற்றி நான் எடுத்த 38 நிமிடப் படத்தை முழுக்கப் பார்த்தீர்கள். சாப்பிடக் கூப்பிடலாம் என்று நான் வந்தபோது நாற்காலியில் நிகழ்ச்சி நோட்டீஸ் மட்டும் இருந்தது, நாலாக மடித்து.

அதற்கப்புறம் ஒரு வருஷமாக ஃபோனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மும்பை மழை, உங்கள் சர்க்கரை, மருமகன் வேலை. படத்தைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இப்படிப் பொதுவில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் படத்திலிருந்து உங்களை வெட்டிவிட்டு 200 பேருக்குப் போட்டுக் காட்டினேன். வெட்டினேன் என்று சொல்வதை மட்டும் உங்கள் காதோடு சொல்லி முடித்துக்கொள்வது சரியில்லை.

எனக்கு அந்த 2018 ஜூலை ராத்திரிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

உங்கள் அம்மாவின், எனக்குப் பெரியம்மாவின், வீட்டுப் பத்திர வேலையாக நீங்கள் வந்திருந்தீர்கள். "வாடா, இந்திப் படம் ஒண்ணு பார்த்துட்டு வரலாம், நான் அர்த்தம் சொல்றேன்" என்று ஐந்து ரோடு பக்கம் இரவுக் காட்சிக்கு என்னைக் கூட்டிப் போனதே நீங்கள்தான். 'சஞ்சு'. இந்தி நடிகர் சஞ்சய் தத் கதை. பாதி நேரம் நீங்கள் அர்த்தம் சொல்லவே இல்லை. அம்மா நர்கிஸ் சாகிற இடத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்தீர்கள். போதை மருந்துக் காட்சிகளில் ஸ்க்ரீனைப் பார்க்கவில்லை. பம்பாய்க் கலவரம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். அப்புறம் கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தீர்கள், எதற்கோ காத்திருக்கிற மாதிரி.

முடிந்து வெளியே வந்தோம். ஒரு வண்டிக்கடையில் தட்டுவடை செட் வாங்கினோம். காரச் சட்னி தடவி, பீட்ரூட் கேரட் துருவல் வைத்துக் கடைக்காரர் நீட்டுகிறார், நீங்கள் வாங்காமல் என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்.

"மொத சம்சாரம் எங்கடா? அந்தப் பொண்ணு எங்க?"

ரிச்சா சர்மாவை சஞ்சய் தத் 1987-ல் கல்யாணம் செய்தது, மூளையில் கட்டி வந்து 1996-ல் ரிச்சா இறந்தது, ஒரு மகள் இருப்பது எதுவும் எனக்கு அன்றைக்குத் தெரியாது. நீங்கள்தான் சொன்னீர்கள். படத்தில் அந்தக் கல்யாணமே இல்லை. நான் ஏதோ பெரிய எடிட்டர் மாதிரி, "ரெண்டரை மணி நேரத்துல எல்லாத்தையும் எப்படிக்கா சொல்ல முடியும்" என்றேன்.

"நேரம் இல்லையா? ஃப்ரெண்டு வர்ற காட்சிக்கெல்லாம் நேரம் இருக்கே."

அதோடு விடவில்லை. தாராவி 90 அடி ரோட்டில் 1993 ஜனவரிக் கலவரத்தை நேரில் பார்த்தவர் நீங்கள். அந்த ராத்திரிகளில் எதிர்வீட்டுத் திருநெல்வேலி பாய் குடும்பத்துக் குழந்தையை யார் வீட்டில் படுக்க வைத்தீர்கள் என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் செத்தவர்கள் சுமார் 900 பேர் என்று கலவரத்தை விசாரித்த ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் சொன்னது. அந்த அறிக்கை சிவசேனையையும் அதன் தலைவர் பால் தாக்கரேயையும் பேர் சொல்லியே குற்றம் சாட்டியது. காங்கிரஸ் எம்.பி.யாக இருந்த சஞ்சய் தத்தின் அப்பா சுனில் தத், கலவரத்தில் பாதிக்கப்பட்ட முஸ்லிம்களுக்கு உதவப் போனார், வீட்டுக்கு மிரட்டல் வந்தது, பயந்துபோய் மகன் துப்பாக்கி வாங்கினான். இதுவரைக்கும் படம் சொல்கிறது. மார்ச் 12-ல் குண்டுகள் வெடித்து 257 பேர் செத்தார்கள், ஏப்ரலில் சஞ்சய் தத் தடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அதையும் சொல்கிறது.

1995-ல் நடந்ததைத்தான் சொல்லவில்லை. மகாராஷ்டிராவில் சிவசேனையும் பாஜகவும் ஆட்சிக்கு வந்துவிட்டன. கலவரத்தில் அடிபட்டவர்களுக்காக ஓடிய அதே மனிதர், மகனுக்காகத் தாக்கரே வீட்டுப் படியேறினார். அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. மும்பையில் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரிந்த கதை என்று நீங்கள் சொன்னீர்கள். படத்தில் தாக்கரே இல்லை. 2009-ல் சஞ்சய் தத் சமாஜ்வாதி வேட்பாளராக லக்னோவில் நிற்கப் பார்த்து, உச்ச நீதிமன்றம் விடாததும் இல்லை. படத்தில் பழியெல்லாம் பத்திரிகைக்காரன் செய்தித் தலைப்பில் போட்ட கேள்விக்குறி மேல்.

நான் அப்போதும் வாயை மூடவில்லை. அவரைக் கதாநாயகனாக வைத்து ஏற்கெனவே இரண்டு படம் எடுத்த டைரக்டர், விட்டுக்கொடுத்து எடுப்பாரா என்றேன். சுனில் தத்தாக நடித்த பரேஷ் ராவலே அப்போது பாஜக எம்.பி., அதையும் சொன்னேன். நீங்கள் எதையும் காதில் வாங்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னீர்கள்.

"பெத்தவன் புள்ளைக்காக எதிராளி வாசல்ல போயி நின்னா அதுல என்னடா கேவலம்? அந்தப் படத்துலயே பாக்க வேண்டிய எடம் அது ஒண்ணுதான். அத எடுத்துட்டாங்க."

அன்றைக்கு நீங்கள் யாரைப் பற்றிப் பேசினீர்கள் என்று எனக்குப் புரிந்தது, அக்கா. புரியாத மாதிரி இருந்துவிட்டேன். எட்டு மணி பஸ்ஸா ஒன்பது மணி ரயிலா என்று பேச்சை மாற்றினேன்.

அந்தப் பேச்சால்தான் அடுத்த தை மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு போனேன். கேமரா எடுத்துப் போனேன். போகிற வழியில் பழைய சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு முன்னால் அவரை நிற்க வைத்து எடுத்தது உங்களுக்குத் தெரியும், படம் அதில்தான் ஆரம்பிக்கிறது. 14 வயதில் அங்கே கூட்டத்தில் ஒருவனாக நின்ற கதை, முதலாளி டி.ஆர். சுந்தரம் செட்டுக்குள் வந்தால் ஊசி விழுந்தால் கேட்கும் என்கிற கதை, எல்லாம் சொன்னார். கொண்டை ஊசி வளைவு இருபதையும் எண்ணிக்கொண்டே வந்தார். மலை மேல் லேடீஸ் சீட் என்கிற இடத்தில் உட்கார்ந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. கீழே சேலத்தில் விளக்குகள் ஏற ஏற, கையை நீட்டி, "இதுல ஜெயில் எது சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவர் காட்டினார். காட்டிவிட்டுத் தானாகப் பேச ஆரம்பித்தார். 11 நிமிடம். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த 11 நிமிடம் படத்தில் இல்லை.

எல்லாரிடமும் ஒரு காரணம் சொன்னேன். காற்றுச் சத்தம், ஆடியோ சரியில்லை. எடிட் பண்ணிய தம்பியிடமும் அதுவேதான். பாதி உண்மை, காற்று அதிகம்தான். ஆனால் அதே காற்றில் அவர் பாடிய நாடகப் பாட்டை வைத்துக்கொண்டேன்.

எந்தக் கட்சி என்று இங்கே எழுதவில்லை. 1976 ஜனவரி 31-ல், எமர்ஜென்சி நேரத்தில், தமிழ்நாட்டில் ஆட்சி கலைந்ததும், விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற மிசா சட்டத்தில் யாரை எல்லாம் பிடித்தார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்பாவோடு உள்ளே இருந்தவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. மண்டபத்துக்கு ஏற்பாடு செய்தவர்கள் என்னிடம் எதையும் எடு என்று சொல்லவில்லை, படத்தை முன்கூட்டிப் பார்க்கக்கூடக் கேட்கவில்லை. நானாகத்தான் பயந்தேன். நோட்டீஸில் 'மிசா சிறைவாசி' என்று அச்சடித்தாகிவிட்டது. முதல் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் அப்பாவே திரையில் வந்து, நான் நாலே மாசத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வெளியே வந்தவன், அதற்கப்புறம் தெருவில் 'லெட்டரு வர்றான்' என்று பேசினார்கள், அன்றைக்குப் பிடித்த குடி என்று சொன்னால்? அதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது.

கடிதத்தை வெட்டி எடுத்தேன். அதை எடுத்ததும் அது ஏன் எழுதப்பட்டது என்பது போனது. ஆஸ்பத்திரி போனது, டைபாய்டில் கிடந்த பத்து வயதுப் பெண் போனாள், ஜெயில் வாசலில் மனுவோடு நின்ற பெரியம்மா போனார். தறியில் ஒரு இழையை இழுத்த மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. உங்களை வெட்ட வேண்டும் என்று நான் உட்காரவில்லை, அக்கா. ஆனால் எழுந்திருக்கும்போது நீங்கள் படத்தில் இல்லை. அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, ஃபைலை சேவ் செய்துவிட்டுத் தூங்கப் போனேன்.

அம்மா முன்னால் பெரியம்மாவைப் பற்றி எப்படிக் காட்டுவது என்பதும் இருந்தது. அதை விரிவாக இங்கே எழுத மாட்டேன். அம்மா இதைப் படிப்பார்.

சரி, ஒன்று கேட்கிறேன். கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் பரவாயில்லை. அப்பா நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். நீங்கள் எத்தனை தடவை வந்தீர்கள்? இரண்டு. மலம் அள்ளியது நான். புண்ணுக்கு மருந்து வைத்தது அம்மா. படத்துக்காக உங்களிடம் ஒரே ஒரு ஃபோட்டோ கேட்டேன், குகை ஏரியா வீட்டுத் திண்ணையில் அப்பாவும் பெரியம்மாவும் நடுவில் நீங்களும் இருக்கிற அந்த ஃபோட்டோ. "அது என்கிட்டயே இருக்கட்டும்டா" என்றீர்கள். அதைக் கொடுத்திருந்தால் உங்களை எப்படி என்னால் வெட்ட முடிந்திருக்கும்? நாங்கள் உங்கள் அப்பாவைப் பறித்துக்கொண்டோம் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்குச் சட்டை அனுப்பினீர்களே, அதைப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அதுதான் கேட்டது.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அழிக்கலாமா என்று பார்த்தேன். அழிக்கவில்லை. வெட்டி வெட்டித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

ஃபோட்டோ விஷயத்தில் நீங்கள் செய்தது சரி. வாங்கியிருந்தாலும் நான் அதை வைத்திருக்க மாட்டேன்.

அந்த இந்திப் படக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. கோர்ட்டு கேஸ் எல்லாம் ஊரறிந்த மனிதர், 2013-ல் உச்ச நீதிமன்றம் ஐந்து வருஷம் என்று உறுதி செய்து, 2016 பிப்ரவரியில் எரவாடா ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர். அவர் கதையை எடுக்கும்போது, அவர் அப்பா குனிந்த அந்த ஒரு இடத்தை ஏன் வெட்டி எடுத்தீர்கள் என்று கேட்க ஆசை. யாருக்குச் சங்கடம் என்று எடுத்தீர்கள்? உயிரோடு இல்லாத அப்பாவுக்கா, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கா, பாவம் என்று பார்க்க வந்த ரசிகனுக்கா? அவர்களிடம் கேட்க நினைக்கிற ஒவ்வொரு கேள்வியும் எனக்கும் பொருந்துகிறது. அவர்களுக்காவது பல கோடி ரூபாய் வியாபாரம். எனக்கு ஒரு மண்டபமும் 200 சாப்பாடும்.

போன வாரம் யூடியூபிலிருந்து என் படத்தை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அவ பேரு வரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பாவோடு சிறையில் இருந்த அந்தப் பெரியவர்களில் ஒருவரையும் அம்மாபேட்டையில் போய்ப் பார்த்தேன். என்ன சொல்லுவாரோ என்று இருந்தது. "உன் அப்பன் எழுதிக் குடுத்த அன்னைக்கு அவனுக்குப் பேனா புடிச்சுக் குடுத்தவனே நாந்தான், அது தெரியாதா உனக்கு" என்றார்.

எனக்குத் தெரியாது, அக்கா. உங்களுக்காவது தெரியுமா?

11 நிமிடத்தையும் ஒரு நொடி குறைக்காமல் சேர்த்துவிட்டேன். இப்போது 49 நிமிடம். ஆனால் யாருக்கும் காட்டவில்லை, நீங்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். பென் டிரைவை மருமகன் ஆஃபீஸ் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்பதாவது நிமிடத்தில் அப்பா உங்கள் பேரைச் சொல்கிறார். ரேஷன் கார்டில் இருக்கிற பேர் இல்லை, பெரியம்மா கூப்பிடுவாரே, அது. அதைச் சொல்லும்போது கேமராவைப் பார்க்கவில்லை, கீழே ஜெயில் இருக்கிற பக்கம் பார்க்கிறார்.

காற்று அதிகம். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

உங்கள் தம்பி