நான் வறுத்தேன்

மெல்போர்ன்
ஜூலை, ஞாயிறு ராத்திரி

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். போன்ல பேசினா நான் ஒண்ணு சொல்ல உன் காதுல வேற ஒண்ணு விழுது. அதான் எழுதுறேன், தம்பி மகளை வாசிக்கச் சொல்லு. "பாஷை தெரியாத கிழவிகளை எப்படிட்டி பாத்துக்கிடுத?"ன்னு கேட்டியே, அதைப் போன்ல கத்திச் சொல்லி முடியாது.

நான் வேலை பாக்கிற முதியோர் இல்லத்துல பாதிப் பேர் இத்தாலி, கிரீஸ்ல பிறந்தவங்க. 1951-ல இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தாங்கல்லா, அந்தக் காலத்துல கப்பல்ல வந்து இங்க ஸ்டேஷன் பியர்ங்கிற கப்பல் துறையில இறங்கினவங்களும் இருக்காங்க. பேக்டரியில நாப்பது வருஷம் இங்கிலீஷ் பேசிச் சமாளிச்சவங்கதான். ஆனா மறதி நோய் வந்தா, பின்னால படிச்ச பாஷைதான் பெரும்பாலும் முதல்ல கழண்டு போகுது. மிஞ்சுறது பிறந்த ஊர்ப் பேச்சு.

என் பொறுப்புல இருக்கிற பாட்டி ஒருத்தி கலாப்ரியாக்காரி. இத்தாலியோட தெக்குக் கோடி, நமக்கு நாஞ்சில் நாடு மாதிரி. பேரை வெளிய சொல்லக் கூடாது, நோன்னான்னு வச்சுக்கோ. பாட்டிக்கு அவங்க சொல் அதுதான்.

போன வாரம் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போனேன். துண்டை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு "ஆயு ஃப்ரித்து, ஆயு ஃப்ரித்து"ங்கிறா. போன்ல கூகுள் டிரான்ஸ்லேட்டைத் திறந்து, இத்தாலிக்கும் தமிழுக்குமா வச்சு வாய்கிட்ட நீட்டினேன். "நான் வறுத்தேன்"னு வந்துச்சு. சரி, பழைய சமையல் ஞாபகம்போல, பசிக்குதுன்னு நினைச்சு, கூட இருந்த பிள்ளையை விட்டு ஒரு தட்டு சிப்ஸ் எடுத்துட்டு வரச் சொன்னேன். தட்டைத் தள்ளி விட்டுட்டா. அந்நேரம் துணி எடுக்க வந்த இத்தாலிக்கார அக்கா எட்டிப் பாத்துச் சிரிச்சா. பாட்டிக்குக் குளிருதாம்! புத்தக இத்தாலியில குளிர்னா ஃப்ரெத்தோ, நோன்னா ஊர்ல ஃப்ரித்து. வறுத்ததுக்கு ஃப்ரித்தோ. போன் பாவம் என்ன செய்யும், அது படிச்சது புத்தக இத்தாலி. நீ துடைப்பத்தை வாரியல்னு சொன்னா மெட்ராஸ்காரியே முழிப்பாளே, அந்தக் கதைதான். 2024-ல கூகுள் சிசிலி, வெனிஸ் பேச்செல்லாம் சேத்துச்சு. கலாப்ரியா அதுல இல்ல. அன்னைக்கு ஹீட்டரைப் போட்டு, வெந்நீர்ல துணி நனைச்சுத் துடைச்சு விட்டதோட சரி.

டாக்டர் வந்தா போனை நம்ப மாட்டோம். 131 450-க்கு அடிச்சா மொழிபெயர்க்கிற ஆள் லைன்ல வருவாங்க. 1973-லருந்து அரசாங்கம் நடத்துற சேவை, ராத்திரி பகல் உண்டு, தமிழுக்கும் ஆள் இருக்கு. ஆனா ஸ்பீக்கர்ல சுத்தமான இத்தாலி கேட்டதும் நோன்னா ஹெட்மாஸ்டர் முன்னால நிக்கிற மாதிரி நிமிந்து உக்காந்துக்கிட்டா. வலி இருக்கான்னா இல்ல, தூக்கம் வருதான்னா வருது. இடுப்பைப் புரட்டும்போது அவ முகம் போற போக்கை நான்ல பாக்கிறேன்!

அதுக்கு ஒரு ஆப் வச்சிருக்கோம், பெயின்செக்னு. இந்த நாட்டுல கண்டுபிடிச்சது. மூணு செகண்ட் முகத்தை வீடியோ எடுத்து, புருவம் நெரியுதா, உதடு இழுக்குதான்னு அதுவே பாக்கும். மத்ததை, முனகலு, நடையெல்லாம், நாம பாத்துக் குறிக்கணும். மொத்தம் 42 விஷயம். வயசானவ மூஞ்சியில கேமராவை நீட்ட எனக்குக் கூச்சமாத்தான் இருந்துச்சு, இப்பவும் பிடிக்கல. ஆனா புரட்டி விட்டப்போ எடுத்த கணக்குல வலி இருக்குன்னு வந்துச்சு. அதைக் காட்டித்தான் நர்ஸம்மா டாக்டர்கிட்ட மாத்திரையை மாத்த வச்சாங்க.

இன்னொண்ணு, நோன்னா மக செஞ்சது. "அம்மா குளிக்கணும்", "மாத்திரை போடு", "சூடா இருக்கு, ஊதிக் குடி"ன்னு ஊர்ப் பேச்சுலயே டேப்லெட் கம்ப்யூட்டர்ல பேசிப் பதிஞ்சு கொடுத்துட்டுப் போனா. குளியலுக்கு அருமையா வேலை செய்யுது, குழந்தை மாதிரி கூட வாரா. ராத்திரி மாத்திரைக்குப் போட்டோம், மக வந்துட்டான்னு கதவையே பாத்துக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தா. ராத்திரிக்கு அதை நிறுத்தச் சொல்லிட்டேன். மேனேஜருக்குக் கொஞ்சம் வருத்தம், செலவில்லாத வழியாச்சே.

இங்க ஒருத்தருக்கு ஒரு நாளைக்குச் சராசரியா 215 நிமிஷம் கவனிப்புன்னு அரசாங்கக் கணக்கு. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி அலையுற கால்மணி நேரமும் அதுக்குள்ளதான்.

காது மிஷினை பீரோவுல வச்சுப் பூட்டாத, அது நகை இல்ல. பேட்டரி ரெண்டு அட்டை அனுப்பியிருக்கேன், தம்பியை மாட்டி விடச் சொல்லு. மதினியைக் கேட்டதாச் சொல்லு.

நைட் டூட்டிக்குக் கிளம்புறேன். நோன்னாவுக்கு இன்னொரு போர்வை எடுத்து வைக்கணும், வெளிய ஆறு டிகிரி. பயங்கர ஃப்ரித்து.

இப்படிக்கு
உன் மக