வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், வழக்கம்போலக் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதையும் ஒரே நாவலுக்கு ஒதுக்கினோம். லியோ டால்ஸ்டாயின் ‘போரும் வாழ்வும்’, தினமணியின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்தது. சிலர் ஆங்கிலத்திலும் படித்தார்கள். ‘இவ்வளவு பெரிய புத்தகத்தை எடுத்தால் கூட்டத்துக்கு ஈ, காக்கா வராது’ என்று அப்போதே எச்சரிக்கை வந்தது. தொடக்கத்தில் அது பலித்துவிடும் போலத்தான் இருந்தது.

பெயர்கள்தான் காரணம். 1805இல் பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருத்தியின் வீட்டு விருந்தில் கதை தொடங்குகிறது. சில பக்கங்களுக்குள் பத்துப் பதினைந்து பேர் அறிமுகமாகிவிடுகிறார்கள். ஒரே ஆளைத் தகப்பன் பெயர் சேர்த்து ஒருவர் கூப்பிடுகிறார், செல்லப்பெயரில் இன்னொருவர், பிரெஞ்சுப் பெயரில் மற்றொருவர். நிக்கொலாய் என்று மட்டும் மூன்று தலைமுறையில் ஆள் இருக்கிறார்கள். நம் நூலகப் பொறுப்பாளர் ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, பெஸூகவ், குராகின் குடும்பங்களுக்கு ஒரே தாளில் வம்சாவளி போட்டுக் கொடுத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அந்தத் தாளைப் புத்தகத்துக்குள் வைக்காமல் படித்தவர்கள் பாதியில் நின்றார்கள் என்பது என் கணிப்பு. அவர்கள் மறுக்கலாம்.

நிர்வாகச் செய்திகள் சுருக்கமாக: மாதக் கூட்டம் தடையின்றி நடந்தது. நிர்வாகிகளில் மாற்றமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள், பழையவர்களில் சிலர் ‘அடுத்த புத்தகம் வந்ததும் சொல்லுங்கள்’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இனி, படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு வருகிறேன். கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டியபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பெரிய சண்டைகளைப் பற்றி எல்லோரும் பேசியிருக்கிறார்கள். ஆனால் மனசு கலங்கியதாகச் சொன்ன இடங்கள் எல்லாமே ஒரு பிடி உலர்திராட்சை, ஒரு துணி முடிச்சு, வீட்டு வாசலில் நின்ற வண்டி என்று சின்னச் சின்ன விஷயங்களாக இருக்கின்றன.

முதலில் நிக்கொலாய் ரஸ்தோவ். முதல் சண்டையில் குதிரையிலிருந்து விழுந்து கிடக்கும்போது பிரெஞ்சுக்காரர்கள் தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்க்கிறான். ஏன் ஓடி வருகிறார்கள், என்னைக் கொல்லவா, எல்லோருக்கும் பிடித்தமான என்னையா என்று திகைக்கிறான். கையில் இருக்கும் துப்பாக்கியால் சுடத் தோன்றவில்லை. அதை அவர்கள்மேல் வீசிவிட்டு ஓடுகிறான். இந்தப் பக்கத்தை வாசித்தபோது சிலர் சிரித்தார்கள். நம் உறுப்பினரான முன்னாள் ராணுவத்தினர் சிரிக்கவில்லை. ‘இதை எழுதியவர் குண்டு விழும் இடத்தில் நின்றிருக்க வேண்டும்’ என்றார். நின்றவர்தான். 1854-55 செவஸ்தபோல் முற்றுகையில் டால்ஸ்டாய் பீரங்கிப் படையில் இருந்தார். நெப்போலியன் ரஷ்யாமீது படையெடுத்த 1812 போருக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1828இல் பிறந்தவர். அந்தப் போரை அவர் பார்த்ததில்லை, ஆனால் போர் என்றால் என்னவென்று தெரியும்.

அதே சண்டையில் வரும் துஷின் என்ற பீரங்கிப் படை கேப்டனும் அந்த உறுப்பினருக்கு ரொம்பப் பிடித்துப்போனார். பின்வாங்கும் உத்தரவு தன் பீரங்கிகளுக்கு வந்து சேராததால் கடைசிவரை சுட்டுக்கொண்டிருந்த குள்ள மனிதர் அவர். அப்புறம், ஏன் பீரங்கிகளை விட்டுவிட்டு வந்தாய் என்று தளபதி கேட்கும்போது, துணைக்குப் படை அனுப்பப்படவில்லை என்று சொன்னால் வேறு ஒரு அதிகாரி மாட்டிக்கொள்வாரே என்று வாயடைத்து நிற்கிறார். ‘எல்லா ரெஜிமெண்டிலும் இப்படி ஒரு ஆள் இருப்பார் சார், பதக்கம் மட்டும் வேறு ஆளுக்குப் போகும்’ என்றார் நம்மவர்.

வண்டிக் காட்சிக்கு ஒரு கூட்டம் முழுவதும் போனது. நெப்போலியன் மாஸ்கோவை நெருங்கிவிட்டான். ரஸ்தோவ் குடும்பம் வீட்டுச் சாமான்களை வண்டிகளில் ஏற்றி முடித்திருக்கிறது. முற்றம் முழுக்கப் போரதினோ போர்க்களத்திலிருந்து வந்த காயம்பட்ட சிப்பாய்கள். அவர்களுக்காகச் சில வண்டிகளை ஒழித்துக் கொடுக்கலாமா என்று பெரியவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார், மனைவி மறுக்கிறார். விஷயம் தெரிந்ததும் மகள் நத்தாஷா புயல்போல உள்ளே நுழைந்து தாயிடம் கத்துகிறாள். சாமான் இறங்குகிறது, சிப்பாய்கள் ஏறுகிறார்கள். ஊரே ஓடிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில், மலிவாகக் கிடைத்த ஓர் அலமாரியைத் தூக்க ஆள் தர முடியுமா என்று கேட்டு வந்து நிற்கிறார் மூத்த மருமகன் பெர்க். இந்த இடத்தில் எழுந்த சிரிப்பைக் குறிப்பேட்டில் எப்படிப் பதிவது என்று தெரியாமல் ‘சிரிப்பு’ என்றே எழுதிவைத்தேன்.

நத்தாஷாவைப் பாராட்டி ஆளாளுக்குப் பேசினார்கள். மூத்த உறுப்பினரான ஓர் அம்மா மட்டும் எதிர்த்தார். ‘அந்தக் குடும்பம் ஏற்கெனவே கடனில் மூழ்கிக் கிடக்கிறது. மிஞ்சியது அந்த வண்டியில் இருந்ததுதான். பிள்ளைகளுக்கு நாளைக்கு என்ன வைப்பது என்று தாய்க்காரி நினைக்க மாட்டாளா? கத்திவிட்டுப் போகிற வயது மகளுக்கு, கணக்குப் பார்க்கிற வயது அம்மாவுக்கு.’ அதற்குப் பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை. டால்ஸ்டாயும் அந்தத் தாயைக் கெட்டவளாகக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மகள் கத்தியதும் தலைகுனிந்து விட்டுக்கொடுத்துவிடுகிறார்.

கதாநாயகன் பியர் பெஸூகவ் கைதியாகும் பகுதிக்கு வந்தபோது கூட்டத்தின் போக்கே மாறியது. மாஸ்கோவுக்குத் தீ வைத்தவர்கள் என்று சந்தேகித்துச் சிலரைப் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுக் கொல்கிறார்கள். இரண்டிரண்டு பேராக நிறுத்தி, கடைசியில் ஐந்தாவதாகப் பதினெட்டு வயது ஆலைத் தொழிலாளி ஒருவனைத் தனியே கம்பத்தில் நிறுத்துகிறார்கள். ஆறாவதாக நிற்பவர் பியர். அந்தப் பையனின் கண்ணைக் கட்டுகிறார்கள். முடிச்சு பின்மண்டையில் உறுத்துகிறது, அதை அவனே சரிசெய்துகொள்கிறான். கம்பத்தில் சாய்ந்து, கால்களைச் சமமாக வைத்து, வசதியாக நிற்கிறான். அடுத்த நொடியில் சாகப்போகிறவனுக்கு முடிச்சு உறுத்தினால் என்ன என்று நாம் நினைப்போம். உடம்பு அப்படி நினைக்கவில்லை. புதிய உறுப்பினர் ஒருவர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பல நாள் திறக்கவே இல்லை என்று சொன்னார்.

பெத்யாவின் சாவுதான் ஆண்டின் மிகக் கனமான கூட்டம். ரஸ்தோவ் வீட்டுக் கடைக்குட்டி. மீசை முளைக்காத வயதில் ராணுவ அதிகாரி. தூது கொண்டுபோன இடத்தில், உடனே திரும்ப வேண்டும் என்ற உத்தரவை மீறி, தெனீஸவின் கொரில்லாப் படையோடு தங்கிவிடுகிறான். எனக்கு இனிப்பு சாப்பிட்டுப் பழக்கம், நல்ல உலர்திராட்சை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய பெரிய அதிகாரிகளிடம் நீட்டுகிறான். பிடிபட்ட பிரெஞ்சு முரசடிக்கும் பையனுக்குச் சாப்பாடு கிடைத்ததா என்று கேட்க ஆசை, கேட்டால் குழந்தைத்தனம் என்று சிரிப்பார்களோ என்று வெட்கம். இரவில் கசாக்கு ஒருவன் அவன் வாளைச் சாணை பிடிக்கிறான். அந்தச் சத்தம் அரைத் தூக்கத்தில் இருக்கும் பையனின் காதில் பெரிய வாத்திய இசையாக விரிகிறது. விடிந்ததும் காலாட்படைக்குக் காத்திரு என்று தோலகவ் என்ற அதிகாரி கத்துவதைக் கேட்காமல் புகைக்குள் குதிரையை விடுகிறான். தலையில் ஒரே குண்டு.

இந்த அத்தியாயங்களைக் கல்லூரி மாணவி ஒருவர் உரக்க வாசித்தார். தெனீஸவ் குதிரையிலிருந்து இறங்கி, சேறும் ரத்தமும் படிந்த அந்த முகத்தைத் திருப்பிப் பார்க்கும்போது அவருக்கு நினைவு வருவது அந்த உலர்திராட்சைப் பேச்சுதான். வாசிப்பு அங்கே நின்றது. பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை வாங்கித் தொடர்ந்தார். கடைசியில் மாணவி கேட்டது சோகமான கேள்வி இல்லை, கோபமான கேள்வி. ‘இவனைக் கொல்ல வேண்டிய அவசியம் என்ன? ஜெயித்த சண்டைதானே?’ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அடுத்த வரிகளைச் சுட்டிக்காட்டினார். அந்தத் தாக்குதலில் மீட்கப்பட்ட கைதிகளில் பியரும் ஒருவர். அதாவது கதாநாயகன் தப்பித்ததும் பெத்யா செத்ததும் ஒரே காலையில். ‘அதைச் சொல்ல ஆசிரியர் எவ்வளவு இடம் எடுக்கிறார் பாருங்கள், ஒரே வாக்கியம்’ என்றார் அவர். மாணவிக்கு அதில் சமாதானம் இல்லை. எனக்கும் இல்லை. வேறு யாராவது எழுதியிருந்தால், பியர் பிழைத்ததைக் காட்டி நம்மைத் தேற்றியிருப்பார்கள்.

சரி, நமக்குள் சண்டை போட்ட விஷயத்துக்கு வருகிறேன். நாவலின் பின்பாதியில் டால்ஸ்டாய் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு வரலாறு எப்படி நடக்கிறது என்று கட்டுரை எழுத ஆரம்பித்துவிடுகிறார். முடிவுரையின் இரண்டாம் பகுதி முழுக்கக் கட்டுரைதான். ‘இதைக் கத்தரித்தால் என்ன?’ என்று ஒரு தரப்பு. போரதினோவில் நெப்போலியனுக்குச் ஜலதோஷம் பிடித்திருந்ததால்தான் ரஷ்யா தப்பித்தது என்று எழுதிய வரலாற்றாசிரியர்களை அவர் கிண்டலடிக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் பேசினார் ஒருவர்.

என் கருத்தையும் பதிவு செய்கிறேன், செயலாளருக்கு அந்த உரிமை உண்டு என்று நம்புகிறேன். போரதினோவில் ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 70,000 பேர் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். அதை ஒரு மனிதரின் மூளைக்கும் அவர் மூக்கில் ஒழுகிய நீருக்கும் கணக்கு எழுதினால் யாருக்குத்தான் கோபம் வராது? பெத்யாவை அப்படி எழுதியவர்தான் இந்தக் கட்டுரைகளையும் எழுதினார். 1867இல் போரதினோ களத்துக்கே நேரில் போய்ப் பார்த்து வந்தவர் அவர். கட்டுரை நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாஸ்கோவைக் கைவிடலாமா என்று தளபதிகள் கூடும் காட்சியில், கணப்பு மேடையில் உட்கார்ந்து பார்க்கும் ஆறு வயது மலாஷாவுக்கு அது ‘தாத்தா’வுக்கும் ‘நீளக் கோட்டு’க்கும் நடக்கும் சண்டையாகத் தெரிகிறதே, அந்தக் கட்டுரைகள் சொல்ல வருவதும் ஏறக்குறைய அதுதான்.

தேதிக் குழப்பம் ஒன்றும் வந்தது. போரதினோ சண்டை நடந்தது ஆகஸ்ட் 26 என்று ஒருவர், செப்டம்பர் 7 என்று இன்னொருவர். இருவருமே சரி. ரஷ்யா அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தது, 12 நாள் வித்தியாசம்.

முடிவுரையில் நத்தாஷா உடம்பு பெருத்து, பாட்டை விட்டுவிட்டு, பிள்ளை, புருஷன் என்று அடங்கிப்போவதைப் பெண் உறுப்பினர்கள் யாருமே மன்னிக்கவில்லை. ஆண்களில் இரண்டொருவர் ‘யதார்த்தம்’ என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கரத்தாயெவ் என்ற குடியானவச் சிப்பாய் மனிதனே இல்லை, பழமொழிப் பொட்டலம் என்ற புகாரும் வந்தது. அவன் சுடப்பட்ட பிறகு ஊளையிடும் நாயைப் பியர் திரும்பிப் பார்க்காமல் நடக்கும் இடத்தை எடுத்துக்காட்டி, அதற்காகவாவது அவன் வேண்டும் என்று பதிலும் வந்தது.

நம் தமிழாசிரியர் கொண்டுவந்த தகவலையும் சொல்ல வேண்டும். இந்த நாவலை முடித்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1908இல், இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் டால்ஸ்டாய் திருக்குறளின் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்திலிருந்து எடுத்துக்காட்டியிருக்கிறார். பின்னர் அந்தக் கடிதத்தைக் காந்தி தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியிட்டார். பெத்யாவுக்காகக் கோபப்பட்ட மாணவி அந்த அதிகாரத்தை அன்றே எடுத்துப் படித்ததாகச் சொன்னார்.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. ஒன்று, டால்ஸ்டாய் செவஸ்தபோல் போர்முனையை வைத்து எழுதிய மூன்று கதைகள். அளவில் சிறியவை, பாதியில் நின்றவர்களும் முடித்துவிடலாம். இன்னொன்று, போரே வேண்டாம், கல்யாணத்தில் முடிகிற நாவல் ஏதாவது எடுங்கள் என்பது. இதற்குக் கையெழுத்து அதிகம். வாக்கெடுப்பைத் தலைவர் நடத்துவார்.

நூலகப் பிரதிகளை இன்னும் சிலர் திருப்பித் தரவில்லை. முடிவுரையின் இரண்டாம் பகுதியில் சிக்கிக்கொண்டிருப்பவர்கள் அதைத் தாண்டிக் குதித்தாவது புத்தகத்தைக் கொடுத்துவிடும்படி நூலகப் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டுள்ளார். வம்சாவளித் தாளைத் திருப்பித் தர வேண்டியதில்லை.

இவ்வறிக்கையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்