வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: லேசர் ராடு விலை கேட்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "எண்டி யாக் ராடு இருக்கா, என்ன விலை?" என்றுதான் எங்களுக்குப் பெரும்பாலும் போன் வருகிறது. (எண்டி யாக் ராடு என்பது நியோடிமியம் கலந்த யாக் படிகக் கம்பி. அதற்கு ஒளியை ஊட்டித்தான் லேசர் எடுக்கிறோம்.) விலையைச் சொல்லாமல் நாங்கள் திரும்பக் கேள்வி கேட்பதால் சிலருக்குக் கோபம். ஏன் கேட்கிறோம் என்று எழுதிவிடுகிறோம்.

தை மாதம் எங்கள் பட்டறையில் 808 நானோமீட்டர் அலைநீள ஒளி தரும் லேசர் டையோடை வைத்து ஒரு யாக் ராடை ஓட்டினோம். அருமையாக ஓடியது. சித்திரையில் அதே ராடு, அதே கரண்ட். ஒளி பாதிகூட வரவில்லை. ராடு போய்விட்டது என்று வேறொன்றை மாற்றினோம். அதுவும் அப்படியே. குற்றம் ராடில் இல்லை, வேலூர் வெயிலில். டையோடு ஒரு டிகிரி சூடேறினால் அதன் அலைநீளம் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். 25 டிகிரியில் 808 காட்டுவது 40 டிகிரியில் 812-ஐத் தாண்டிவிடும். யாக் நன்றாக உறிஞ்சுவதோ 808-ஐ ஒட்டிய குறுகிய பட்டையை மட்டும். மீதி ஒளி ராடைத் துளைத்துக்கொண்டு வீணாகப் போகிறது. ஆகவே டையோடு வாங்குபவர்கள் பெல்டியரும் (மின்சாரத்தால் குளிர்விக்கும் தகடு) சூட்டைக் கட்டுப்படுத்தும் போர்டும் சேர்த்து வாங்குங்கள். அது முடியாது, சில வாட் போதும் என்றால் யாக்கை விட்டு வனடேட் என்ற வேறு லேசர் படிகத்தை எடுங்கள். ஓரிரு மில்லிமீட்டர் துண்டே ஒளியை வாரி விழுங்கும். அலைநீளம் கொஞ்சம் தள்ளினாலும் கோபித்துக்கொள்ளாது.

டையோடுக்குப் பதில் ஃபிளாஷ் லேம்ப் வைத்து ராடுக்கு ஒளி ஊட்டுபவர்களுக்கு வேறு கணக்கு. விட்டு விட்டு அடிக்க செனான் வாயு லேம்ப், தொடர்ந்து எரிய கிரிப்டான் வாயு லேம்ப். யாக் வாங்கிய சக்தியைச் சுமார் 230 மைக்ரோ வினாடிதான் பிடித்து வைத்திருக்கும். லேம்ப் அதைவிட மெதுவாக எரிந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை. ரூபி படிக ராடு 3 மில்லி வினாடி வரை தாங்கும். ஆனால் அதிலுள்ள குரோமியம் அயனிகளில் பாதிக்கு மேல் உயர் ஆற்றல் நிலைக்கு ஏறினால்தான் லேசரே தொடங்கும். 1960-இல் அமெரிக்க இயற்பியலாளர் மைமன் முதல் லேசரை ரூபியில்தான் செய்தார் என்று சிலர் ஆசைப்பட்டு அதைக் கேட்கிறார்கள். ஆசை சரி, அதன் லேம்ப்புக்கு மின்சாரம் சேமிக்க வேண்டிய கெப்பாசிட்டர் அடுக்கைப் பார்த்தால் பாதிப் பேர் யாக்குக்கு வந்துவிடுவார்கள். முதல் முறை செய்பவருக்கு ரூபி வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

லேம்ப்பைத் தண்ணீரில் குளிர்விப்பவர்கள் போர் தண்ணீரை ஊற்ற வேண்டாம். 'தண்ணீர் இல்லாத ஆறு' என்று நம் ஊரைக் கேலி செய்வார்கள். கீழே கிடைப்பதும் உப்புதான். உப்புத் தண்ணீரில் கரண்ட் கசியும், லேம்ப்பின் கண்ணாடியில் படிவு ஏறும். டீ-அயனைஸ்டு (உப்பு அயனிகள் நீக்கிய) தண்ணீர் மட்டும்.

பழைய மெஷினில் கழற்றிய ராடு மலிவாகக் கிடைக்கும். வாங்கலாம். இரண்டு முனையையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கோட்டிங்கில் கருகிய புள்ளி, விளிம்பில் சில்லு இருந்தால் விட்டுவிடுங்கள். நிறத்தையும் கவனியுங்கள். எண்டி யாக் இளம் ஊதா. எர்பியம் யாக் ரோஜா நிறம். ஒருவர் ரோஜா நிற ராடை வாங்கி, எண்டி யாக் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளிக்கான எதிரொளிப்புக் கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து ஒரு மாதம் மல்லுக்கட்டினார். அது 2940-இல் ஓடுவது.

கடைசியாக, நாங்கள் விட்டுக்கொடுக்காத விஷயம். ஃபிளாஷ் லேம்ப்புக்கான 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரில் 900 வோல்ட் ஏற்றினால் 40 ஜூல். சுவிட்சை அணைத்த பிறகும் அது உள்ளேயே இருக்கும். ஆளைக் கொல்லப் போதும். மீதி மின்சாரத்தை வடித்துவிடும் பிளீடர் ரெசிஸ்டர் இல்லாமல் கட்டாதீர்கள். 1064 ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும். வெல்டிங் கண்ணாடியோ கூலிங் கிளாஸோ உதவாது. லேசர் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும், அதன் மேலேயே 1064 என்று அச்சிட்டிருக்க வேண்டும். டையோடு வைத்திருந்தால் 808-உம் இருக்க வேண்டும்.

போன் செய்யும்போது ராடின் அளவு, லேம்ப்பா டையோடா, எப்படிக் குளிர்விக்கிறீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறதா, இவ்வளவும் சொல்லுங்கள். விலையை உடனே சொல்கிறோம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லை என்றால் ராடு அனுப்ப மாட்டோம்.

அன்புடன்,
கடையிலிருந்து, வேலூர்