பொம்மசந்திரா வரை வந்த மெட்ரோவும் ஓசூர்ப் பயணிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூருக்கு மெட்ரோ வருகிறது, விமான நிலையம் வருகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் மனை விலைதான் பேச்சாகிறதே ஒழிய, நாளைக் காலை பெங்களூரு ஷிஃப்டுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்ற பேச்சு எடுபடுவதில்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

2025 ஆகஸ்டில் பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை திறக்கப்பட்டது. சில்க் போர்டு சந்திப்பின் சாலை நெரிசலைத் தலைக்கு மேலேயே கடந்துவிடும் இத்தடத்தின் கடைசி நிலையம், ஓசூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்தச் சிறு தொலைவைக் கடப்பதுதான் பெரும்பாடு. அண்மையில் ஒரு நாள் அதிகாலை, ஓசூர் பேருந்து நிலையத்தில் பெங்களூரு பேருந்தில் ஏறி பொம்மசந்திராவுக்குச் சீட்டுக் கேட்டேன். "அங்கே ஸ்டாப் இல்லீங்க, சந்தாபுராவுல எறங்கிக்குங்க" என்றார் நடத்துநர். இறங்கி, ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை காத்திருந்து, நிலையத்தின் படியேறி நடைமேடைக்கு வந்தபோது, அந்தப் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தால் இந்நேரம் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியிருப்பேன் என்று தோன்றியது.

மெட்ரோவை ஓசூர் வரை நீட்டிக்கும் திட்டம் இரு மாநிலங்கள் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய ஒன்று. மஞ்சள் தடம் 750 வோல்ட் மின்சாரத்தைப் பாதையோரம் உள்ள மூன்றாம் தண்டவாளத்தின் வழியே பெறுகிறது. தமிழ்நாட்டின் சார்பில் இத்திட்டத்தைப் பார்க்கும் சென்னை மெட்ரோவோ 25,000 வோல்ட் மேல்கம்பியில் ஓடுகிறது. இந்த வேறுபாடே ஒரு முட்டுக்கட்டை. 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட விமான நிலையத்துக்கும், பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 2033 வரை உள்ள, 150 கிலோமீட்டருக்குள் வேறு புது விமான நிலையம் கூடாது என்ற கட்டுப்பாடு குறுக்கே நிற்கிறது. இவை வரும்போது வரட்டும்.

ரயிலையும் முழுதாக நம்ப முடிவதில்லை. பெங்களூரு–சென்னை ரயில்கள் பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டை வழியே போய்விடுவதால் ஓசூரைத் தொடுவதில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் வரை இருந்த குறுகிய அகல இருப்புப்பாதை 1941இல் மூடப்பட்டது. 2023 டிசம்பர் இறுதி முதல் கோவை–பெங்களூரு வந்தே பாரத் ஓசூரில் நின்று செல்வது மகிழ்ச்சிதான்; தினக்கூலிக்குப் போகிறவர் அதில் அன்றாடம் ஏற முடியுமா?

ஆகவே, தமிழ்நாடு, கர்நாடகப் போக்குவரத்துக் கழகங்கள் கலந்து பேசி, ஓசூர் பேருந்து நிலையத்திலிருந்து ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா வழியாக பொம்மசந்திரா மெட்ரோ நிலைய வாசல் வரை இணைப்புப் பேருந்துகளை இயக்க வேண்டும். முதல் மெட்ரோவைப் பிடிக்கும்படி புறப்பாடும், கடைசி மெட்ரோவில் வந்து இறங்குவோரை ஏற்றிவரும்படி திரும்பும் நேரமும் அமைய வேண்டும். ஷிஃப்ட் மாறும் வேளைகளில் பத்து நிமிடத்துக்கு ஒன்று தேவைப்படும். இதற்குப் புதுத் தண்டவாளமோ நில எடுப்போ வேண்டியதில்லை. பேருந்தின் முகப்பில் தமிழிலும் கன்னடத்திலும் 'பொம்மசந்திரா மெட்ரோ' என்று எழுதிவிட்டால், வீட்டில் தெலுங்கு பேசும் எங்கள் ஊர்க்காரர்களும் ஏதாவது ஒன்றில் படித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓசூர் வாசகர் ஒருவர்