சீட்டின் முதுகைப் பார்த்தது போதும், காருக்கு அடியில் குனியுங்கள்

ட்ராக் நாள்களிலும் (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்கள்) கிளப் பந்தயங்களிலும் கார்களைச் சோதித்து அனுமதிக்கும் தொழில்நுட்பப் பரிசோதனைக் குழுக்களுக்கு,

வணக்கம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உங்கள் முன் வந்து நிற்கிறது. உள்ளே புத்தம்புது பக்கெட் சீட், அதாவது உடலை இரு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் பந்தய சீட். அதன் முதுகில் எஃப்.ஐ.ஏ. (சர்வதேச மோட்டார் வாகனக் கூட்டமைப்பு) லேபிள் இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். 8855-1999 தரம் என்றால் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டு, 8862-2009 என்றால் 10 ஆண்டு. தேதி சரியாக இருந்தால் டிக். அடுத்த கார்!

அந்த லேபிள் சீட்டின் கூடு என்கிற ஓட்டுக்கு மட்டும்தான் சாட்சி. கூட்டைத் தாங்குவது 30, 40 ஆண்டு பழைய தரைத்தகடு. அதன் கனம் பெரும்பாலும் 1 மி.மீ.க்குள். துருவையும் கழித்தால் இன்னும் குறைவு. சீட் பெயர்ந்து வருவது அங்கிருந்துதான், அங்கேதான் யாரும் பார்ப்பதில்லை. அதற்காகவே இந்த மடல்.

முன்மோதலில் ஓட்டுநரின் எடையில் பெரும்பங்கை ஹார்னஸ் (இரு தோளையும் இடுப்பையும் கட்டும் பந்தய பெல்ட்) நேராகக் காரின் உடலுக்குக் கடத்திவிடும். பின்னாலிருந்து அடி விழும்போது கதை வேறு. அப்போது ஓட்டுநரின் மொத்த எடையும் சீட்டின் முதுகில் சாய்கிறது. 80 கிலோ ஆளும் 10 கிலோ சீட்டும் சேர்ந்து 20 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு முடுக்கத்தைச் சந்தித்தால் பின்னோக்கிய விசை சுமார் 1,800 கிலோ எடைக்குச் சமம். எடை மையம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளியும் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட் நெம்புகோலாகி, முன் போல்ட் இரண்டையும் அதே 1,800 கிலோ விசையோடு மேலே இழுக்கும். ஒரு போல்ட்டுக்கு 900 கிலோ. 8.8 வலிமைத் தரமுள்ள எம்8 (8 மி.மீ.) போல்ட் 2 டன்னுக்குமேல் தாங்கும், அதனால் போல்ட் அறுவதில்லை. அடியில் போட்ட வாஷர்தான் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது.

30 மி.மீ. அகல வாஷரின் பரப்பு, துளையைக் கழித்தால், ஆறரை சதுர செ.மீ. எஃப்.ஐ.ஏ. விதிநூலின் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253 கேட்பது ஒவ்வொரு பொருத்துபுள்ளிக்கும் 40 சதுர செ.மீ. அடித்தகடு. எஃகு என்றால் 3 மி.மீ. கனம், இலேசு உலோகக்கலவை என்றால் 5 மி.மீ. சீட்டுக்குக் குறைந்தது 4 புள்ளிகள், போல்ட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு புள்ளியும் எந்தத் திசையிலும் 15,000 நியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் தாங்க வேண்டும். 100 × 50 மி.மீ. எஃகுத் துண்டு வெட்டினால் கணக்குக்கு மேலேயே வந்துவிடும். அதன் மூலைகளை உருட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கூர்மூலை விட்ட தகடு, அடி விழும்போது தகர டப்பாவைத் திறக்கும் கத்தியாகிவிடும்.

தரைக்கு அடியில் ஓடும் குறுக்குப் பெட்டிச் சட்டத்தின் வழியாகப் போல்ட் போயிருந்தால் இன்னும் நெருங்கிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம். நட்டை முறுக்க முறுக்கப் பெட்டி நசுங்கிக்கொண்டே போகும். அன்று இறுகியது போலத் தெரியும், சில நாள் அதிர்வில் தளர்ந்துவிடும். அந்த இடத்தில் துளையைப் பெரிதாக்கி, பெட்டியின் உயரத்துக்கு வெட்டிய எஃகுக் குழாயை நிறுத்தி, இரு முனையிலும் வெல்டு வைத்திருக்க வேண்டும். தளர்வுக்கு இன்னொரு காரணம் உண்டு: கார்ப்பெட்டையும் ஒலித்தடுப்புத் தார் விரிப்பையும் எடுக்காமல் அவற்றின் மேலேயே பிராக்கெட்டை வைப்பது. தார் மெல்ல மெல்ல அமுங்கும், போல்ட்டின் பிடி போய்விடும். எம்ஜிபி போன்ற கார்களில் சீட் தண்டவாளத்துக்கு அடியில் மரச்சட்டம் வைத்தே தொழிற்சாலையிலிருந்து வரும். ஊறி உளுத்த அந்த மரத்தின் மேலேயே புதுச் சீட்டை இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். மரத்தை எடுத்துவிட்டு உலோக இடைத்துண்டு கேளுங்கள்.

துருவைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். கார்ப்பெட்டைத் தூக்கி, தரை பக்கச்சட்டத்தோடு சேரும் மூலையில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை அழுத்துங்கள். உள்ளே போனால் அந்தக் காருக்கு அன்று ட்ராக் இல்லை. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு மின்னினால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். லோட்டஸ் எலான் போலக் கண்ணாடியிழை உடலென்றால் 40 சதுர செ.மீ. கணக்கோடு திருப்திப்பட வேண்டாம். மிக அகலமான தகட்டைப் பிசினோடு ஒட்டியிருக்கிறார்களா, அல்லது சுமையை எஃகுச் சேஸிஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பக்கவாட்டுப் பிராக்கெட்டில் தவறு வேறு விதமாக நடக்கும். சீட் கூட்டுக்குள் பதித்த மரைத்துண்டின் (போல்ட்டை ஏற்கும் திருகுமரைத் துண்டு) ஆழத்தைவிட போல்ட் நீளமாக இருந்தால், முனை அடியில் முட்டி நின்றுவிடும். ஸ்பானருக்கு இறுக்கம் தெரியும், பிராக்கெட்டோ ஆடும். அதை அடக்க இன்னும் முறுக்கினால் மரைத்துண்டே கூட்டிலிருந்து பிய்ந்து வரும். போல்ட் தலைக்கடியில் வாஷரைக் கையால் சுழற்றிப் பாருங்கள்: சுழன்றால் இந்தக் கோளாறுதான்.

ஸ்லைடர் (சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாள அமைப்பு) இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூட்டு விழ வேண்டும். தண்டவாளங்கள் இணையாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் விழும். சீட்டை முன்னும் பின்னும் முழுத் தூரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கடைசி இறுக்கம் வைக்க வேண்டும், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஸ்லைடர் உயரத்தையும் கூட்டும். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய காரில் அந்த உயரமே ஹெல்மெட்டைக் கூரைக்குக் கொண்டுபோய்விடும். கூரையில்லாத காரில் ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகுழாய்) உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பு வரை நேரான கழி ஒன்றை வையுங்கள். பெல்ட் கட்டி உட்கார்ந்த ஓட்டுநரின் ஹெல்மெட் அதற்குக் கீழே, 5 செ.மீ. இடைவெளியோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்லைடரைக் கழற்றச் சொல்லுங்கள், சீட் மெத்தையை மெலிதாக்கச் சொல்லுங்கள். வளைந்து உட்கார்கிறேன் என்று ஓட்டுநர் சொன்னால் ஏற்க வேண்டாம்.

அடுத்தது பெல்ட். சில பழைய கார்களில் மூன்றுமுனை பெல்ட்டின் பூட்டு சீட்டின் தண்டவாளத்தோடு சேர்ந்தே வரும். பழைய சீட் வெளியே போனதும் பூட்டுக்கு இடமில்லை. கையில் கிடைத்த போல்ட்டில் மாட்டிவிடுகிறார்கள். இடுப்புப் பட்டை பக்கெட் சீட்டின் உயர்ந்த ஓரத்தைத் தாண்டி மேலே போனால், இடுப்பெலும்புக்குப் பதில் வயிற்றை இறுக்கும், பூட்டும் அந்த ஓரத்தில் மடிந்து நிற்கும். பட்டை சீட்டின் துளை வழியாகவே போக வேண்டும். ஹார்னஸ் என்றால் தோளின் மேல் போகும் பட்டை சீட் முதுகின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி 45 பாகையைத் தாண்டக் கூடாது, 10க்குள் இருப்பதே நல்லது. இரட்டை இருக்கைக் கார்களில் பின்னால் இடம் கிடையாது என்பதால் சீட்டுக்குப் பின்னே தரையிலேயே கொக்கி போட்டுவிடுகிறார்கள். முன்மோதலில் அந்தப் பட்டை ஓட்டுநரின் முதுகெலும்பைத்தான் கீழ்நோக்கி நசுக்கும். புதிய கொக்கிப் புள்ளிக்கும் 40 சதுர செ.மீ., 3 மி.மீ. எஃகுத் தகடு வேண்டும். பழைய பெல்ட் புள்ளிகள் பலவும் 7/16 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு நுண்மரை) மரை. கிட்டத்தட்ட ஒரே அளவு என்று மெட்ரிக் போல்ட்டைத் திணித்திருந்தால் மரை சிதைந்திருக்கும்.

ரோல் பார் இல்லாத காரில் ஹார்னஸைக் கண்டால் அனுமதிக்காதீர்கள். கார் கவிழ்ந்து கூரை அமுங்கும்போது மூன்றுமுனை பெல்ட் போட்டவரின் உடல் பக்கவாட்டில் சரிய இடமுண்டு. ஹார்னஸோடு சாயாத பக்கெட் சீட்டில் இருப்பவரின் தலை நிமிர்ந்தபடியே கூரையை வாங்கிக்கொள்ளும். இந்தக் கோரிக்கையால் பலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் கேட்கிறோம்.

நேரம் இல்லை என்பீர்கள். காலையில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு காரையும் ஜாக்கியில் தூக்கச் சொல்லவில்லை. பதிவுப் படிவத்தோடு மூன்று படங்கள் கேளுங்கள்: அளவுகோலை அருகில் வைத்து எடுத்த அடித்தகடுகள், கார்ப்பெட் இல்லாத தரை, ஓட்டுநர் பெல்ட் கட்டி உட்கார்ந்த பக்கவாட்டுத் தோற்றம். ட்ராக்கில் ஒரே ஒரு சோதனை போதும். சீட் முதுகின் உச்சியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டுங்கள், கண் தரையில் இருக்கட்டும். போல்ட்டைச் சுற்றித் தகடு டப்பா மூடி போல அமுங்கி எழுந்தால், லேபிளில் எந்தத் தேதி இருந்தாலும் காரைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களில் சீட் பொருத்தும் வேலையில் இருப்பவர்கள்