வளையல் போட்ட கை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

திங்கட்கிழமை இதழில் எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டச் செய்தி படித்தேன். 'முடியாதவர்கள் வளையல் போட்டுக்கொண்டு வீட்டில் உட்காரட்டும்' என்று எதிரணியைப் பார்த்துப் பேசியவர் முன்னாள் அமைச்சராம். தட்டில் வளையலும் பூவும் வைத்துக் காட்டினார்களாம். தாங்கள் போட்ட தலைப்பு: 'அனல் பறந்த பேச்சு'.

நான் 31 வருடம் ஆசிரியையாக இருந்தவள். ஏழு தேர்தல்களில் வாக்குச்சாவடி வேலை பார்த்திருக்கிறேன். அவருக்கு ஓட்டுப் போட வந்தவர்களின் விரலில் மை வைத்தது வளையல் போட்ட இந்தக் கைதான். கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாத பள்ளிக்கூடத்தில், பெட்டியை ஒப்படைக்க நடுராத்திரி ஆகும். வீட்டில் உட்காரவில்லை ஐயா. அதற்குத் தந்த படியைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

தேர்தல் நடத்தை விதிகள் தாங்கள் அறியாததல்ல. எதிர்க்கட்சியை விமர்சிப்பதென்றால் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. பெண் வேட்பாளரைப் பற்றிப் பேசியதற்காக 2019-இல் உத்தரப் பிரதேச அரசியல்வாதி ஆசம் கானுக்கு 72 மணி நேரம் பிரசாரத் தடை. அன்றைய முதல்வர் பழனிசாமியின் தாயாரை இழுத்துப் பேசியதற்காக 2021-இல் ஆ.ராசாவுக்கு 48 மணி நேரம். அதுவும் தேர்தல் நேரம் என்பதால். மற்ற நாளில் யார் கேட்கிறார்கள்? என் வகுப்பில் கெட்ட வார்த்தை பேசிய பையன் ஒரு வாரம் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்!

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் போட்டது இவர்கள் உட்காரும் சட்டமன்றம்தான். ஓட்டுக் கேட்க வந்தால் 'தாய்மார்களே', மேடை ஏறினால் வளையல் கேவலம். அந்தத் தட்டை ஏந்தி நின்றவர்கள் மகளிரணியினர் என்று தங்கள் படத்தில் தெரிகிறது. அதை எங்கே போய்ச் சொல்ல!

'ஆண்மை இருந்தால் பதவி விலகு' என்ற பேச்சைத் தாங்கள் கொட்டை எழுத்தில் போட்டபோதும் எழுதினேன். வெளியாகவில்லை. இடமில்லை போலும், சரி.

இனி இப்படிப்பட்ட பேச்சுக்கு 'அனல்' வேண்டாம். 'ஏசினார்' என்று போட்டால் போதும். அப்புறம், அந்தத் தட்டு வளையல்கள் எங்கே போயின என்று தங்கள் நிருபர் விசாரித்துச் சொன்னால் நல்லது. என் பேத்திக்கு இரண்டு-நாலு அளவு சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.