செயலாளர் ஆண்டறிக்கை 2025: காந்தமானி காட்டும் நிலவின் உட்புறம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வானவியல் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு ஆய்வுக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே பொருளைச் சுற்றியே நடந்தன. 2025 மார்ச் 2 அன்று நிலவின் மாரே கிரிசியம் சமவெளியில் இறங்கிய ப்ளூ கோஸ்ட் என்ற ஆளில்லாக் கலம் கொண்டுசென்ற மேக்னெட்டோடெல்லூரிக் கருவிதான் (மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் அளந்து உட்புறத்தை ஆராயும் கருவி) அதற்குக் காரணம்.

முறை இது: சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின்) காந்தப்புலம் மாறும்போது நிலவுக்குள் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. விரைவான மாற்றங்கள் மேலடுக்கோடு நின்றுவிடும். மெதுவானவை ஆழம் வரை செல்லும். ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் கிடைக்கும் எதிர்வினையிலிருந்து ஆழவாரியாக மின்கடத்துதிறனைக் கணிக்கலாம். பாறை சூடேறினால் கடத்துதிறன் கூடும் என்பதால் வெப்பநிலையையும் மதிப்பிடலாம். ஆனால் பாறையின் கனிமக் கலவையை முதலில் அனுமானிக்க வேண்டும். அனுமானம் பிசகினால் வெப்பநிலையும் பிசகும்.

1969-இல் அப்போலோ 12 வைத்த காந்தமானி தரையில் அளந்தது. வெளிப்புலம் எவ்வளவு என்பதைச் நிலவின் சுற்றுப்பாதையில் இருந்த எக்ஸ்ப்ளோரர் 35 விண்கலம் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நல்ல தரவு தந்தால்தான் ஒப்பிட முடியும். ப்ளூ கோஸ்ட்டின் புதிய கருவிக்கு அந்தத் துணை தேவைப்படவில்லை. சுமார் 18 மீட்டர் தூரத்துக்கு எறியப்பட்ட நான்கு மின்முனைகள் மின்புலத்தை அளந்தன, 2.4 மீட்டர் கம்பத்தின் காந்தமானி காந்தப்புலத்தை அளந்தது. இரண்டின் விகிதமே போதும். இந்தத் துறையின் பெரிய முன்னேற்றம் இதுவே என்பது என் கருத்து.

நிலவின் மையத்திலுள்ள கருவத்தின் அளவை அறிய வேறு வழி. முழுநிலவை ஒட்டிய சில நாட்கள் நிலவு பூமியின் காந்தவாலுக்குள் (சூரியனுக்கு எதிர்ப்புறம் நீளும் பூமிக் காந்தப்புலத்துக்குள்) இருக்கும். அங்கே புலம் ஏறத்தாழ சீரானது. உள்ளே நுழைந்து சில மணி நேரத்தில் மேலோட்டுக்குக் கீழுள்ள பாறையின் மின்னோட்டம் அடங்கிவிடும். கருவத்தில் தூண்டப்பட்ட மின்னோட்டத்தின் எதிர்ப்புலம் மட்டும் மிஞ்சும். நிலவைச் சுற்றிய லூனார் ப்ராஸ்பெக்டர் கலத்தின் தரவு இவ்வகையில் கருவத்துக்கு 340 கி.மீ. ஆரம் தந்தது, பிழை 90 கி.மீ. கூடவோ குறையவோ. இடையில் பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்கள்) புகுந்து புலம் குலைந்த சுற்றுகளின் தரவை ஒதுக்கவேண்டும்.

விரைவான மாற்றங்கள் உள்ளே செல்லாததைக் காட்டும் செய்முறை விளக்கத்துக்கு: 15 செ.மீ. ஆரத்தில் 50 சுற்று கொண்ட இரண்டு ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருள்கள் (நடுவில் சீரான காந்தப்புலம் தரும் இணைச் சுருள்கள்), நடுவில் தடித்த அலுமினியப் பாத்திரம், அதனுள் புலத்தை உணரும் 500 சுற்று தேடுசுருள். 20 ஹெர்ட்ஸில் உள்ளே புலம் சற்றே குறையும். 1000 ஹெர்ட்ஸில் பெரும்பாலும் மறைந்துவிடும். கவனிக்க: அதிர்வெண் கூடினால் சுருளின் தூண்டலால் மின்னோட்டம் குறையும். எனவே 1 ஓம் மின்தடையை இணைத்து மின்னோட்டத்தை அளந்து, தேடுசுருளின் அளவீட்டை அதனால் வகுக்கவேண்டும். 50 ஹெர்ட்ஸைத் தவிர்க்கவும், வீட்டு மின்சார இரைச்சல் கலக்கும். இரும்பு மேசையும் ஆகாது.

வரும் ஆண்டில் மூன்று திசைகளிலும் புலத்தை அளக்கும் மூவச்சு ஃப்ளக்ஸ்கேட் காந்தமானி ஒன்றும், பித்தளைத் திருகுகளால் பூட்டிய மரத்தாங்கியும் வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.